கவுளி குடியிருந்த இன்ஜின்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். இருந்தாலும் குடித்துவிட்டேன். வெளியில் யார் கொடுத்தாலும் டீ குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது. இன்றைக்குத் தெரியும். உக்கடம் மோட்டார் ஒர்க்‌ஷாப் சங்கத்து ஆட்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் எனக்கும் ஒன்றைப் போட்டுக் கையில் கிளாஸையும் கொடுத்தால், அது சும்மா இருக்காது.

செயலாளர் இல்யாஸ் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். "ஏனுங்கய்யா, எங்க மச்சான் சிக்கந்தரு தொழிலை உட்டதுக்கு நீங்கதான் காரணம்னு உங்கூட்டு அம்மாவே வந்து சொல்லீட்டுப் போறாங்க. நெசமுங்களா?"

நிஜந்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடுங்கள். நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் பேர் குமாரசாமி. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தோட்டம். தக்காளி, தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். வாத்தியார் சொன்ன கணக்கை நான் நம்பவில்லை, நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றையிலிருந்து யாரையும் சோதித்துப் பார்க்காமல் விடுவதில்லை. டாக்டரிடம் போனால், வலது முட்டி வலிக்கிறபோது இடது முட்டியைக் காட்டுவேன். இடதுக்கு மருந்து எழுதினால் அவர் டாக்டர் இல்லை என்று எழுந்து வந்துவிடுவேன். இதுவரைக்கும் ஒரு டாக்டரும் தேறவில்லை. முட்டி இன்னும் வலிக்கிறது.

வெளியில் நிற்கிறதே சாம்பல் கலர் அம்பாசிடர், அது ஒரு மில்காரர் ஓட்டி அலுத்த வண்டி. நான் வாங்கும்போதே அதற்கு வயசாகிவிட்டது. ஆனால் சத்தம் கிடையாது. சத்தம் வந்தது பஞ்ச வருஷத்தில். கிணறெல்லாம் காய்ந்து, போர் போடலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்த சமயம்.

எங்கள் பக்கம் பல்லியைக் கவுளி என்போம். ஒரு கல்யாணப் பேச்சோ கிணறு வெட்டோ எதுவானாலும் குலதெய்வம் கோயிலில் போய் உட்கார்ந்து, மனசில் நினைத்துக்கொண்டு, கவுளி சொல்லுமா என்று காத்திருப்போம். சொன்னால் உத்தரவு. சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். எங்கள் கோயில் தாராபுரத்துக்குப் பக்கத்தில். போய் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு சத்தமில்லை. அப்புறந்தான் அண்ணாந்து பார்த்தேன். பங்காளிகள் திருப்பணி என்று சொல்லிச் சுவர் பூராவும் டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்கள். வழவழவென்று இருக்கிற சுவரில் கவுளி எங்கே நிற்கும்?

மனசு விட்டுப்போய் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். போர் போடட்டுமா என்று உள்ளுக்குள் நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வலது பக்கம் முன்னால், டிக் டிக் என்றது. தெளிவான சத்தம். கோயிலில் இடமில்லாமல் கவுளி என் வண்டிக்குக் குடி வந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று. போர் போட்டேன். தண்ணீர் வந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமானால் தோட்டத்துக்கு வந்து குடித்துப் பாருங்கள்.

அன்றையிலிருந்து எதுவானாலும் வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் பண்ணிக் கேட்பேன். கேள்வியை மட்டும் யோசித்துக் கேட்க வேண்டும். மயிலாத்தாள், என் சம்சாரம், கிரைண்டர் வேண்டும் என்றாள். ஊரில் எல்லார் வீட்டிலும் கிரைண்டர் சுற்றுகிறது, எனக்கு மட்டும் ஆட்டாங்கல்லா என்றாள். ஆட்டாங்கல் போதுமா என்று கேட்டேன். போதும் என்றது. பையன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி வைக்கிறேன் என்றான். தோட்டத்திலேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றது. மச்சினன் பெண் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றேன். இருந்துவிடு என்றது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது எனக்கு மாறாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

மயிலாத்தாள் ஒரு நாள் கேட்டாள். "ஏனுங்க, கிரைண்டர் வேணுமான்னு கேட்டீங்களா, வேண்டாமான்னு கேட்டீங்களா?"

"எப்பிடிக் கேட்டா என்ன? சொன்னது அது."

"அப்ப இனி அது பேசக் கூடாதுங்க. அந்தச் சத்தத்தை நிறுத்துற வரைக்கும் நான் இந்த வண்டியில கால் வெக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கண்ணபுரம் தேருக்கு அவளைக் கூட்டிப் போயாக வேண்டியிருந்தது. எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் எவனாலும் அதை நிறுத்த முடியாது என்கிற தைரியத்தில் நான் சரி என்றேன். அவள் விசாரித்துவிட்டு உக்கடம் சிக்கந்தர் பாய் பேரைச் சொன்னாள். என் கஷ்டம் அங்கே தொடங்கியது.

பாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை வாசலில் 'காது சிக்கந்தர்' என்று போர்டு மாட்டிய மனுஷன். அடக்கமெல்லாம் கிடையாது. நான் வண்டியைத் தெருமுனையில் திருப்பும்போதே, பெஞ்சில் உட்கார்ந்தபடி கையை ஆட்டினார்.

"அங்கயே நிறுத்துங்ணா. மூணாவது சிலிண்டரு, டேப்பட்டு. எறங்க வேண்டாம், நானே வாரேன்."

எனக்கு உடனே சந்தேகம். பார்க்காமல் சொல்கிறவனை எப்படி நம்புவது? அவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். டாக்டர் குழாய் வைக்கிற மாதிரி. இரண்டு நட்டைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கி, எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கேட்கவில்லை. அவருக்குக் காட்டிக்கொள்வதில் ஆசை.

"எட்டு டேப்பட்டுங்ணா. இந்தக் கை வால்வைத் தட்டுது பாருங்க. நடுவுல ஒரு மெல்லிசுத் தகடு போற சந்து இருக்கோணும். அது கூடிப்போச்சுன்னா டிக்கு டிக்குன்னு அடிக்கும். இந்த நட்டை லூசு பண்ணி, ஸ்க்ரூவை இத்தனூண்டு திருப்பி, மறுக்கா நட்டை டைட் வெச்சாத் தீந்துது. சின்னப் புள்ளகூடச் செஞ்சுபோடும். எங்க அடிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் காது வேணும்."

அவர்தான் கற்றுக்கொடுத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி சத்தமில்லாமல் வீடு வந்தது. மயிலாத்தாள் தேருக்குப் போய் வந்தாள். நான் பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை. தக்காளி பறிக்கலாமா என்று கேட்டேன். பதிலில்லை. மறுநாளும் கேட்டேன். இன்ஜின் பூனை மாதிரி உர்ரென்றதே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. தக்காளி செடியிலேயே பழுத்து வெடித்தது. பையன் வந்து, "அப்பா, பறிக்கட்டுமா?" என்றான். நான் என்ன சொல்வது? உத்தரவில்லாமல் நான் எப்படிச் சொல்வேன்? ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் வேலியைத் தாண்டியது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கவுளியைப் பாய் கொல்லவில்லை. அது வந்து போகிற சந்தைத்தான் அடைத்துவிட்டார். அடைத்த சந்தைத் திறந்துவிடுவது பாவமில்லை. மத்தியானம் சோறு உண்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் மூடியைத் தூக்கினேன். நட்டை லூசு பண்ணி, ஸ்க்ரூவை இத்தனூண்டு திருப்பி, மறுபடி நட்டை டைட் வைத்தேன். பாய் சொன்ன மாதிரியே. ஸ்டார்ட் பண்ணினேன். டிக் டிக். இப்படிச் செய்தது சரிதானே என்று முதல் கேள்வி அதைத்தான் கேட்டேன். சரி என்றது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. மயிலாத்தாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மறுபடி உக்கடம். பாய் முகத்தில் கொஞ்சம் வெட்கம். "த்ரெட்டு தேஞ்சிருக்குமுங்ணா, என் தப்புதான்" என்று ஸ்க்ரூவையே மாற்றினார். காசு வாங்க மாட்டேன் என்றார். எனக்கு அதுவும் சந்தேகத்தைக் கொடுத்தது. காசு வேண்டாம் என்கிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதனால் அவரை இன்னும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அப்படித்தான் போக்குவரத்து ஆரம்பித்தது. நான் திறப்பேன், மயிலாத்தாள் துரத்துவாள், பாய் அடைப்பார். ராக்கர் ஷாப்ட்டை மாற்றினார். தடியான ஆயில் ஊற்றினார். புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டிக் கோணல் பார்த்தார். ஒருமுறை இன்ஜினையே இறக்கி கேம் ஷாப்ட்டைக் கழற்றி வெயிலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். அவர் வேலை சுத்தம். எங்கேயும் ஏமாற்றவில்லை. இத்தனை வருஷத்தில் என் சோதனையில் தேறிய ஒரே ஆள் அவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒரு நாள் அவர் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "டைட்டு நான் வெச்ச டைட்டு மாதிரியே இருக்குதுங்ணா. சந்து மட்டும் எப்பிடிக் கூடுது?"

"வயசான வண்டிங்க பாய்" என்றேன். அது பொய்யில்லை.

நீங்கள் யாராவது தொட்டீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என்னை நம்பினார். சோதிக்காமல் நம்பினால் கஷ்டம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்பது வயசு மனுஷன்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் அவர் வீட்டம்மா சாயிரா பானு சொல்லித் தெரியும். ஒரு தடவை கடைக்குப் போனபோது அந்தம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

"ஏனுங்ணா, உங்க வண்டி வந்ததுல இருந்து இவரு சரியில்லைங்க. தையல் மிசின்ல ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் காதைக் குடுக்கறாரு. குக்கருக்கு மூணு விசில் உட்டா, நடுவுல ஒரு டிக்கு கேக்குதேங்கறாரு. செவுத்துக் கடியாரத்தைக் கழட்டிப் பரண்மேல போட்டுட்டாருங்க. நேத்து முடி வெட்டப் போயி, கத்திரியில டேப்பட்டு சத்தம்னு பாதித் தலையோட எந்திரிச்சு வந்துட்டாரு."

பாய் அன்று தொப்பியைக் கழற்றாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காது டாக்டரிடமும் போனார். டாக்டர் காதில் மாட்டிப் பார்க்கிற மிஷினைப் போட்டுவிட்டு, உங்கள் காது குழந்தைக் காது மாதிரி இருக்கிறது என்றாராம். "டாக்டரே, உங்க மிசின்லயே ஒரு டிக்கு இருக்குது" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். டாக்டரை நம்பாமல் வந்தாரே, அதில் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

பின்னே ஒரு நாள், மயிலாத்தாள் சென்னிமலையில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பாய் பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கே வந்தார். கையில் அந்த ஸ்க்ரூ டிரைவர் மட்டும், துண்டில் சுற்றி. மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணா, இன்னைக்கு ஒண்ணும் கழட்ட மாட்டேன். ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்."

ஸ்டார்ட் பண்ணினேன். அன்று சந்தைக் கொஞ்சம் தாராளமாகவே திறந்துவிட்டிருந்தேன். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த எருமை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். டிக் டிக் டிக் டிக்.

பாய் என் முகத்தையே பார்த்தார். "உங்க காதுக்கு அந்தச் சத்தம் கேக்குதுங்களா? கேக்குதுன்னா கேக்குதுன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. உங்க வாயில வர்றதை நான் எடுத்துக்கறேன்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவசரப்படவில்லை. கண்ணை மூடி, உள்ளுக்குள் கேட்டேன். இவரிடம் மறைத்துவிடலாமா என்று. டிக் டிக் என்றது. இவ்வளவு தெளிவாக உத்தரவு வந்த பிறகு நான் என்ன செய்ய முடியும்?

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே பாய்" என்றேன்.

அவர் துண்டைப் பிரித்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவர் நுனியைத் தன் நெஞ்சில் வைத்து, பிடியைக் காதுக்குக் கொண்டுபோகக் கழுத்தை வளைத்துப் பார்த்தார். எட்டவில்லை. "அப்பச் சத்தம் வண்டியில இல்லீங்ணா. எனக்குள்ளாறதான் ஓடுது" என்றார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "இதை நீங்களே வெச்சுக்குங்க. இனி எனக்கு வேண்டாம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் டிக் டிக் என்றுதான் வந்தது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் நேரத்தில் மனுஷனை நடக்க விட எனக்கு மனசு வரவில்லை.

ஸ்க்ரூ டிரைவர் நல்ல பொருள். என்னுடையதைவிட நுனி சரியாக உட்காருகிறது. அதற்கப்புறம் மயிலாத்தாளுக்குப் பயந்து சந்தை அடைக்கவும், அவள் அசந்த நேரத்தில் திறக்கவும் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

மறு வாரம் 'காது சிக்கந்தர்' போர்டை இறக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கோட்டைமேட்டில் பேக்கரியில் பன் எடுத்துக் கொடுக்கிறார் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ரொட்டி அடுப்புக்கு ரொம்ப தூரத்தில் உட்கார்ந்திருந்தார், காதில் பஞ்சு. நாலு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆதரவு கொடுக்க வேண்டாமா?

அவர் காது இல்லாமல் நீங்களெல்லாம் திண்டாடுகிறீர்கள் என்று இல்யாஸ் தம்பி சொல்கிறார். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், வாட்டர் பம்புக்குப் பதிலாக டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மயிலாத்தாளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். என் வேட்டிதான் காட்டிக்கொடுத்தது. வெள்ளை வேட்டியில் மடியிலே கிரீஸ். ஒரு நாள் துவைத்தாள், இரண்டாம் நாள் துவைத்தாள், மூன்றாம் தடவை துவைக்கிற கல்லை விட்டு நேரே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் மூடியைத் தூக்கிக் குனிந்திருந்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"பார்த்துட்டு இருக்கறன், புள்ள."

"எதைங்க?"

வண்டியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அது அப்போது ஓடவில்லை.

அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் டிராக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த ஸ்க்ரூவை டைட் வைக்கச் சொன்னாள். ஸ்பேனரைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் ஏறி சாயிரா பானுவிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திரும்பும்போது ஒரு கிரைண்டரும் வாங்கி வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது உத்தரவே இல்லாமல் மாவு அரைபடுகிறது.

இதுதான் நடந்தது. முழுசும் சொல்லிவிட்டேன். எல்லாத் தடவையும் ஸ்க்ரூவைத் திருப்பியது என் கைதான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, எருமைக்கும் கேட்டது. பாய் காதில் ஒரு குறையுமில்லை.

நீங்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. சிக்கந்தர் பாய் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நீங்களோ மயிலாத்தாளோ சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். என் வாயால் இல்லையென்று கேட்டவர், என் வாயால் ஆமாம் என்று கேட்டால்தான் மறுபடி தொழிலுக்கு வருவார் என்கிறீர்கள். நியாயமான பேச்சு. எனக்கும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவர் நல்ல மனுஷன்.

ஆனால் உத்தரவு வேண்டுமே. காலையில் புறப்படும்போதே வண்டியில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன், பாயிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று. ஒரு சத்தமில்லை. மறுபடி கேட்டேன். இல்லை. இந்தத் தோட்டம், வீடு, தண்ணீர் எல்லாம் கேட்டுச் செய்தவன் நான். இப்போது கேட்காமல் செய்தால் அது நல்லாயிருக்குமா?

அதனால் ஒன்று செய்யலாம். பாயின் ஸ்க்ரூ டிரைவர் சீட்டுக்கடியில்தான் இருக்கிறது. யாராவது ஒரு ஸ்பேனர் கொடுங்கள். சந்தை இத்தனூண்டு திறந்துவிட்டுக் கேட்டுவிடுகிறேன். கண்டிப்பாகச் சொல் என்றுதான் சொல்லும். சொன்ன உடனே பாயிடம் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் அவரை மட்டும் கொஞ்சம் தூரமாகக் கூட்டிப் போங்கள். இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறார், சத்தம் காதில் விழுந்தால் பாவம் மனசு விட்டுவிடுவார்.